உப்பின் கரையில் உயிர்க்கலம்

புத்தளம் களப்பின் தென்கிழக்குக் கரையில், நகரையும் பாலாவியையும் ஒட்டி உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. 300 சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்த இந்தக் களப்பு கடலோடு கலப்பது வடக்குப் பக்கத்தில்தான். கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீரைக் கொண்டுவந்து ஊற்றுகின்றன. மழை இல்லாத மாதங்களில் ஆற்றுவரவு மெலிந்துவிடும். அப்போது தெற்கே ஒதுங்கிக் கிடக்கும் நீர் வெயிலிலும் காற்றிலும் வற்றி, கடல்நீரைவிட அதிகமாகக் கரிக்கும். உப்பு விளைவிக்க இதைவிட நல்ல இடம் தேட வேண்டியதில்லை. உயிர் வாழ்வதற்கோ இது மிகக் கடினமான இடம்.

கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் குருதியின் உவர்ப்பு லீற்றருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்புக்குச் சமம். உப்பளத்தில் நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி மாற்றி வற்றவிடும்போது முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம் படியும். லீற்றருக்கு 300 கிராமை நெருங்கும் கட்டத்தில்தான் கறியுப்பு மணி கட்டத் தொடங்கும். இந்தக் கரையில் 9 முதல் 300 வரை எந்த அளவு உவர்ப்பிலும் ஏதோ ஓர் உயிர் இருக்கிறது. அவை எப்படிச் சமாளிக்கின்றன என்று கேட்டுப் பார்த்தால், கலத்தின் ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்பது தெளிவாகும்.

பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் இரண்டு படங்கள் அருகருகே இருக்கும். செங்கல் வடிவில் தாவரக் கலம், உருண்டையாக விலங்குக் கலம். தாவரத்துக்குக் கலச்சுவர் உண்டு, பச்சையவுருமணி உண்டு, நடுவில் பெரிய புன்வெற்றிடம் உண்டு. விலங்குக்கு இவை இல்லை. அம்புக்குறி போட்டுப் பெயர் எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். ஒரு கலத்துக்குச் சுவர் எதற்கு, இன்னொன்று சுவரே இல்லாமல் எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்வியை அந்தப் படம் எழுப்புவதே இல்லை. புத்தளத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வியை வீட்டுக்குப் பக்கத்திலேயே காட்டலாம். ஒரே உவர்நீரில் கண்ணா மரம் வேரூன்றி நிற்கிறது, இறால் நீந்துகிறது. உப்போடு இரண்டும் நடத்தும் வாழ்க்கை முற்றிலும் வேறு.

முதலில் வெங்காயத்திலிருந்து தொடங்கலாம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் விளையும் சிவப்பு வெங்காயம் ஒன்றை எடுத்து, சதைப்பற்றான ஓர் இதழின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் ஊதாநிறத் தோலை நகத்தால் உரித்தால், கண்ணாடித்தாள் போல ஒரு படலம் கழன்று வரும். ஒரே ஒரு கல அடுக்குத் தடிப்புள்ள படலம் அது. வழுக்கியில் ஒரு துளி நன்னீர் விட்டு அதைப் பரப்பி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நெருக்கமாக அடுக்கிய நீள்சதுரக் கலங்கள் ஒவ்வொன்றும் விளிம்புவரை ஊதா நிறத்தால் நிரம்பியிருக்கும். கலத்தை நிரப்பியிருக்கும் அந்த ஊதா முழுவதும் புன்வெற்றிடம். அந்தோசயனின் என்ற நிறப்பொருள் அதற்குள் கரைந்திருப்பதால் அது கண்ணுக்குத் தெரிகிறது. கரு, குழியவுரு உட்பட மற்ற எல்லாமே சுவரோரமாக ஒரு மெல்லிய படையாக ஒதுங்கியிருக்கும். பாடநூல் படத்தில் வெறும் வெள்ளை இடமாக விடப்படும் பகுதிதான் முதிர்ந்த தாவரக் கலத்தின் பெரும்பகுதி. சில கலங்களில் கனவளவில் பத்தில் ஒன்பது பங்கு.

இப்போது மூடியிருக்கும் கண்ணாடியின் ஓரத்தில் ஒரு துளி உப்புநீர் விட்டு, மறுபக்கத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சவிட வேண்டும். உப்புநீர் படலத்தின் மேல் பரவிய சில நிமிடங்களில் ஊதாநிறம் மூலைகளிலிருந்து விலகத் தொடங்கும். பிறகு பக்கங்களும் கழன்று, ஊதாப் பை சுருங்கிச் சுருங்கிக் கலத்தின் நடுவில் உருண்டையாக நிற்கும். சுருங்கச் சுருங்க அதன் நிறம் அடர்ந்துகொண்டே போகும். வெளிச் சட்டம் மட்டும் துளியும் அசைவதில்லை. மறுபடி நன்னீர் விட்டால் பை மெல்ல ஊதிப் பழைய இடத்துக்கு வந்துவிடும். உப்பு மிகையாகிப் போனாலோ, நெடுநேரம் விட்டுவிட்டாலோ அது திரும்பாது. கலம் செத்துவிட்டது என்று பொருள்.

இந்த ஒரு சோதனை மூன்று பாகங்களின் இயல்பைக் கண்முன் காட்டிவிடுகிறது. அசையாமல் நின்ற சட்டம் கலச்சுவர். செலுலோசு நார்களால் ஆன அந்தச் சுவர் நீரையும் உப்பையும் தடுப்பதில்லை. சுருங்கிய பைக்கும் சுவருக்கும் நடுவே தெரியும் இடைவெளியை நிரப்பியிருப்பது நாம் விட்ட உப்புநீர்தான். உப்பைத் தடுத்து நிறுத்தியது, சாதாரண நுணுக்குக்காட்டியில் கோடாகக்கூடத் தெரியாத கலமென்சவ்வு. இலிப்பிட்டு மூலக்கூறுகள் இரண்டு அடுக்காக நின்று அமைத்த சவ்வு அது. நீர் மூலக்கூறுகள் விரைந்து போய்வர அதில் தனியான புரத வாயில்கள் இருக்கின்றன. அந்த வாயில்களைக் கண்டறிந்ததற்காக அமெரிக்கரான பீற்றர் ஏகர் 2003இல் நோபல் பரிசு பெற்றார். உப்பின் அயன்களுக்கு அந்த வழியில் இடமில்லை. நீர் மட்டும் போகலாம் என்பதால், உப்பு குறைந்த பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் நகர்கிறது. இதுதான் பிரசாரணம். 1665இல் றொபேட் ஹூக் தக்கைச் சீவலில் பார்த்து வரைந்தவை உள்ளே எதுவும் எஞ்சாத வெறும் சுவர்கள். வெங்காயத் தோலை எடுத்திருந்தால் அவர் இன்னும் எவ்வளவோ கண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நன்னீரில் இருக்கும்போது கலம் எதிர்ப்பக்கமான ஆபத்தில் இருக்கிறது. உள்ளே வெல்லமும் அயன்களும் கரைந்திருப்பதால் நீர் ஓயாமல் உள்ளே வரப் பார்க்கும். சவ்வு மட்டும் இருந்திருந்தால் கலம் ஊதி வெடித்திருக்கும். சைக்கிள் ரியூப்பை ரயர் இறுக்கிப் பிடிப்பதுபோலச் சுவர் அதைப் பிடித்துக்கொள்கிறது. புன்வெற்றிடம் நீரை ஏற்றி உள்ளிருந்து தள்ள, சுவர் வெளியிலிருந்து எதிர்த்துத் தள்ள, அந்த வீக்க அமுக்கத்தில் இலை விறைத்து நிற்கிறது. வாடிய கீரையை நீரில் போட்டால் நிமிர்வதும் இதனால்தான்.

விலங்குக் கலத்துக்கு அப்படி ஒரு ரயர் கிடையாது. செங்குருதிக் கலங்களை வெறும் நீரில் விட்டால் ஊதி உடைந்துவிடும். கடல்நீரில் விட்டால் சுருங்கிப் போகும். வைத்தியசாலையில் ஏற்றும் சேலைன் போத்தலில் 0.9 சதவீதம் என்று அச்சிட்டிருப்பதன் காரணம் அதுவே. சுவர் இல்லாததால் விலங்குக்குப் பெரிய நன்மையும் உண்டு. தசை சுருங்கி விரியலாம், வெண்குருதிக் கலம் உருமாறி நகர்ந்து கிருமியை விழுங்கலாம், நரம்புக் கலம் நீண்டு போகலாம். விறைத்த பெட்டிக்குள் இருக்கும் கலத்தால் இவை எதுவும் முடியாது. அந்தச் சுதந்திரத்துக்கு விலையாக, உப்புக் கணக்கை விலங்கு ஒவ்வொரு நொடியும் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கைப் பார்க்கும் பொறியைக் காட்டிக் கொடுத்தது ஒரு நண்டு. டென்மார்க்கின் ஆகூஸ் நகரில் ஜென்ஸ் ஸ்கூ என்ற மருத்துவர், கரையோர நண்டுகளின் கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்து, அவற்றின் சவ்வில் ஒரு நொதியம் இருப்பதை 1957இல் வெளியிட்டார். சோடியம் அயன்கள் மூன்றை வெளியே தள்ளி, பொற்றாசியம் அயன்கள் இரண்டை உள்ளே எடுக்கும் பம்பி அது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏடிபி எனப்படும் சக்தி மூலக்கூறு ஒன்று செலவாகும். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல், அதற்காக அவருக்கு இரசாயனவியலுக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நம் உடலின் ஏறத்தாழ எல்லாக் கலங்களிலும் இதே பம்பி இருக்கிறது. சும்மா படுத்திருக்கும்போது நாம் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்த ஒரே வேலைக்குப் போகிறது.

சக்தி என்று வந்துவிட்டால் இழைமணியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வெல்லத்தையும் கொழுப்பையும் ஒட்சிசனோடு சேர்த்து எரித்து, அதில் கிடைக்கும் சக்தியை ஏடிபியில் ஏற்றித் தருவது இழைமணி. ஒரு கலத்தில் எத்தனை இழைமணிகள் என்று பார்த்தால் அந்தக் கலம் எவ்வளவு கடினமாக உழைக்கிறது என்று சொல்லிவிடலாம். 1932இல் ஆன்செல் கீஸும் வில்மரும் விலாங்கு மீனின் செவுளில் உப்பை வெளியேற்றும் தனிக் கலங்கள் இருப்பதை விவரித்தார்கள். பின்னாளில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அந்த வகைக் கலங்கள் இழைமணிகளால் திணிந்திருப்பது தெரிந்தது. இந்த ஆராய்ச்சிக்கு உலக ஆய்வுகூடங்களில் மிகுதியாகப் பயன்பட்ட மீன்களில் ஒன்று, 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு இன்று குளங்களிலும் உவர்நீரிலும் பெருகியிருக்கும் மொசாம்பிக் திலாப்பியா. அதைக் குளத்திலிருந்து படிப்படியாகக் கடல்நீருக்கு மாற்றினால், செவுளில் அந்தக் கலங்கள் பருத்து, பம்பிகளின் எண்ணிக்கை கூடி, உப்பை உள்ளெடுத்துக்கொண்டிருந்த செவுள் அதை வெளியே தள்ளத் தொடங்கும்.

இறாலுக்கும் இதே பாடுதான். புலி இறாலின் குருதி, லீற்றருக்கு ஏறத்தாழ 25 கிராம் உப்புள்ள நீரோடு சமநிலையில் இருக்கும். வெளிநீர் அதைவிட நீர்த்துப் போனால் உப்பை உள்ளே இழுக்க வேண்டும். அதைவிடக் கரித்தால் வெளியே தள்ள வேண்டும். வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது களப்பின் உவர்ப்பு சில நாட்களுக்குள் சரிந்துவிடும். வளர்ச்சிக்குப் போகவேண்டிய சக்தியின் ஒரு பகுதியை அந்த நாட்களில் செவுள் தின்றுவிடுகிறது. இறால் பண்ணைக்காரர்கள் உவர்ப்புமானியைக் கையில் வைத்துக்கொண்டு அலைவது வீணுக்கல்ல.

கண்ணா மரத்துக்குச் செவுளும் இல்லை, ஓடிப்போகக் காலும் இல்லை. களப்பின் ஓரத்துச் சேற்றில் அதன் மூச்சுவேர்கள் குத்துக்குத்தாக நிற்கும். வெயில் ஏறிய நேரத்தில் அதன் இலையொன்றைப் பறித்து மேற்பக்கத்தை நாக்கில் வைத்தால் பச்சை உப்பு. இலையில் பொடிப்பொடியாக மின்னுவது உப்பு மணிகள்தான். உப்பை உமிழும் சுரப்பி ஒவ்வொன்றும் ஒருசில கலங்களால் ஆன சிறு அமைப்பு. அடியில் இரண்டு முதல் நான்கு கலங்கள் இலையிலிருந்து உப்பைச் சேகரிக்கும். நடுவில் ஒரு காம்புக் கலம். உச்சியில் எட்டு முதல் பன்னிரண்டு சுரக்கும் கலங்கள். காம்புக் கலத்தின் பக்கச் சுவர்களில் மெழுகுத்தன்மையான பொருள் தடிப்பாக ஏறியிருப்பதால், உமிழ்ந்த உப்பு சுவர் வழியாக இலைக்குள் கசிந்து திரும்பாது. சுரக்கும் கலங்களில் பெரிய புன்வெற்றிடம் கிடையாது, பச்சையவுருமணியும் கிடையாது. செறிந்த குழியவுருவும் ஏராளமான இழைமணிகளும் இருக்கும். திலாப்பியாவின் செவுள் கலத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மீன், ஒன்று மரம். வேலை ஒன்றாக இருப்பதால் கலத்தின் உள்ளமைப்பு ஒன்றை ஒன்று ஒத்துவிட்டது. தாவரக் கலம் இப்படி, விலங்குக் கலம் அப்படி என்று கோடு கிழித்துப் படித்தவர்களுக்கு இது நல்ல மருந்து.

ஆனால் மரம் உமிழ்வது, அதை எதிர்கொள்ளும் உப்பில் கொஞ்சம்தான். பெரும்பங்கு உப்பை வேரே உள்ளே விடுவதில்லை. வேரின் உட்புறத்தில் ஒரு கலவளையம், தன் சுவர்களில் நீர்புகாப் பட்டி ஒன்றைப் பூசிக்கொண்டு நிற்கிறது. அதனால் நீர் சுவர்ச் சந்துகளால் நுழைய முடியாமல், கலமென்சவ்வைக் கடந்தே ஆகவேண்டும்; கடக்கும் இடத்தில் உப்பு வடிகட்டப்படுகிறது. கடல்நீரிலிருந்து நன்னீரை இப்படி இழுக்க வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 25 மடங்கு இழுவிசை வேண்டும். கண்டற் காட்டு மரங்களின் கிளைகளை வெட்டி அமுக்கக் கலனுக்குள் வைத்து அளந்த ஷொலாண்டர் என்ற ஆய்வாளர், அவற்றின் சாறு அதைவிடக் கூடிய இழுவிசையில் இருப்பதை 1965இல் நிறுவினார். கண்டல் என்று நாம் அழைக்கும், கொம்பூன்றி நிற்கும் இனத்துக்கு உப்புச் சுரப்பிகளே கிடையாது. அது முழுக்க இந்த வடிகட்டலை நம்பித்தான் நிற்கிறது.

அப்படியும் கொஞ்சம் உப்பு இலைக்கு வந்துவிடும். கலத்துக்குள் நடப்பது இங்கேதான் மிகச் சுவையானது. கண்ணாவையும் உமரியையும் போன்ற உவர்நிலத் தாவரங்களின் நொதியங்கள் உப்பைத் தாங்கப் பழகியவை என்று நினைக்கத் தோன்றும். அவற்றைப் பிரித்தெடுத்துச் சோதனைக் குழாயில் உப்போடு கலந்து பார்த்தால், அவரைச்செடியின் நொதியம் போலவே செயலிழந்து போகின்றன. கிறீன்வேயும் ஒஸ்மண்டும் 1972இல் இதைக் காட்டினார்கள். உப்பில் வாழும் தாவரத்தின் குழியவுருவும் உப்புக்கு அஞ்சுவதுதான். அந்தத் தாவரம் செய்வதெல்லாம், வந்த உப்பைப் புன்வெற்றிடத்துக்குள் பூட்டிவைப்பது. புன்வெற்றிடத்தின் சவ்வில் உள்ள பம்பிகள் ஐதரசன் அயன்களை உள்ளே தள்ளி நிரப்புகின்றன. அவை வெளியே வரத் துடிக்கும் விசையைப் பயன்படுத்தி, இன்னொரு புரதம் ஓர் ஐதரசன் அயனை வெளியே விட்டு ஒரு சோடியம் அயனை உள்ளே இழுக்கிறது. உள்ளே உப்பு சேர்ந்துவிட்டால் நீரும் அங்கே இழுபட்டுக் குழியவுரு காய்ந்துவிடும். அதை ஈடுசெய்யக் கண்ணா தன் குழியவுருவில் கிளைசீன் பீட்டெயின் என்ற, எந்த நொதியத்தையும் குழப்பாத ஒரு பொருளைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. சேற்றில் உப்பு இருப்பது மரத்துக்கு ஒருவகையில் உதவியாகவும் மாறிவிடுகிறது. புன்வெற்றிடத்தை நிரப்பி இலையை விறைப்பாக வைத்திருக்க வெல்லத்தைச் செலவிடத் தேவையில்லை. இலவசமாகக் கிடைக்கும் உப்பே போதும். உமரியின் தண்டு அத்தனை சதைப்பற்றாக இருப்பதன் இரகசியம், உப்பும் நீரும் நிரம்பி உப்பிய புன்வெற்றிடங்கள்.

இந்தப் பம்பிப் புரதங்கள் எங்கிருந்து வருகின்றன என்று பின்தொடர்ந்து போனால் கலத்தின் மீதிப் பாகங்கள் எல்லாவற்றையும் சுற்றி வந்துவிடலாம். செய்முறை கருவுக்குள் டிஎன்ஏயில் இருக்கிறது. அதன் நகல் ஒன்று ஆர்என்ஏயாகக் கருச்சவ்வின் துளை வழியே வெளியேறி, இறைபோசோமில் சிக்கும். இறைபோசோம் நகலைப் படித்தபடி அமினோ அமிலங்களைக் கோத்துப் புரதச் சங்கிலியாக்கும். சவ்வில் பதியவேண்டிய புரதமென்றால், இறைபோசோம் அகமுதலுருச் சிறுவலையின் மேல் ஒட்டிக்கொண்டு, கோக்கும்போதே அந்த வலையின் சவ்வுக்குள் புரதத்தைச் செருகிவிடும். அங்கே அது மடிந்து வடிவம் பெறும். சரியாக மடியாதது அங்கே பிடிபட்டு, வெளியேற்றி உடைக்கப்படும். சரியாக மடிந்தது சிறு புடகமாகக் கழன்று கொல்கி உபகரணத்துக்குப் போகும். தட்டுகளாக அடுக்கிய அந்தப் பைகளுக்குள் வெல்ல மூலக்கூறுகள் ஒட்டப்பட்டு, எங்கே போகவேண்டும் என்று தரம் பிரிக்கப்படும். புன்வெற்றிடச் சவ்வுக்கு உரியது ஒரு புடகத்தில், கலமென்சவ்வுக்கு உரியது வேறொரு புடகத்தில். உவர்ப்பு ஏறும்போது உப்பைக் கையாளும் மரபணுக்கள் கூடுதலாக இயங்கத் தொடங்கும். சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்ணாவிலிருந்தே அத்தகைய மரபணுக்களைப் பிரித்தெடுத்து, உவர்நிலத்துக்கான நெல்லை உருவாக்கும் முயற்சியில் பயன்படுத்தினார்கள்.

புன்வெற்றிடம் உப்பை மட்டும் பூட்டி வைப்பதில்லை. பருத்தி வலைகள் புழங்கிய காலத்தில் இந்தக் கரையோர மீனவர்கள் கண்டல் பட்டையை அவித்த செந்நிறச் சாற்றில் வலையையும் பாயையும் தோய்த்து எடுப்பார்கள். உவர்நீரில் இழை உக்காமல் காத்தது பட்டையில் நிறைந்திருக்கும் தனின். தாவரக் கலத்தில் தனின் சேர்ந்திருக்கும் இடம் புன்வெற்றிடம். அது எங்கே உருவாகிறது என்பது அண்மைக்காலம் வரை புதிராக இருந்தது. பச்சையவுருமணிக்குள்ளேயே மிகச்சிறு கோளங்களாகத் தோன்றி, சவ்வு போர்த்து, புன்வெற்றிடத்துக்குப் போய்ச் சேர்வதாக பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள். புழுவும் பூச்சியும் இலையைக் கடித்தால், அந்தப் பூட்டு உடைந்து தனின் அவற்றின் வாயில் துவர்க்கும்.

பச்சையவுருமணி நமக்கு ஒளித்தொகுப்பின் இடமாகத் தெரியும். ஒளியைப் பிடித்து நீரைப் பிளந்து, காற்றின் காபனீரொட்சைட்டிலிருந்து வெல்லம் செய்யும் இடம். களப்பின் அடியில் புல்வெளியாக விரிந்திருக்கும் கடற்புல்லில் அது தரைத்தாவரங்களில் இருப்பதுபோல் இலையின் நடுவில் இல்லை. மேற்தோல் கலங்களிலேயே நெருக்கமாக இருக்கிறது. நீருக்கடியில் இலைத்துளைகளுக்கு வேலையில்லை, வெளிச்சமும் அரிது. எனவே வெளிச்சம் முதலில் படும் அடுக்கிலேயே தொழிற்சாலை வந்துவிட்டது.

உப்பளத்தின் கடைசிப் பாத்திகளில் கண்டலும் இல்லை, இறாலும் இல்லை. உலகெங்கும் அந்தக் கட்டத்து நீர் இளஞ்சிவப்பாக மாறுவதுண்டு. பிரான்சின் தென்கரை உப்பளங்களில் 1838இல் இந்தச் சிவப்புக்கு ஒரு நுண்ணுயிர்தான் காரணம் என்று கண்ட மிஷேல் டுனாலின் பெயரால் அது டுனலியெல்லா சலீனா ஆயிற்று. அது ஒற்றைக் கலத்தாலான அல்கா. பச்சையவுருமணி உண்டு, ஒளித்தொகுப்பும் உண்டு. விறைப்பான கலச்சுவர் மட்டும் இல்லை. இரண்டு சவுக்குமுளைகளை அடித்துக்கொண்டு நீந்தும். படத்தில் எந்தப் பக்கம் இதை வைப்பது? விலங்குக் கலத்தைப் போல மெல்லிய சவ்வோடு, பெரும்பாலான விலங்குகள் தாங்காத உவர்ப்பில் இது வாழ்கிறது. இதன் முதன்மையான வழி பம்பியும் அல்ல, பூட்டும் அல்ல. வெளியே உப்பு ஏற ஏற, உள்ளே கிளிசரோலைத் தயாரித்துச் சேர்த்துக்கொண்டே போகும். பச்சையவுருமணியில் சேமித்த மாப்பொருளை உடைத்து அதற்கு எடுத்துக்கொள்ளும். மழை பெய்து உவர்ப்பு இறங்கினால் கிளிசரோலைத் திரும்ப மாப்பொருளாக்கிவிடும். கடும் வெயிலிலிருந்து பச்சையவுருமணியைக் காக்க, அதற்குள்ளேயே பீற்றா கரட்டீன் துளிகளை நிரப்பி வைக்கும். உலர்நிறையில் பத்து சதவீதம்வரை இந்தக் கரட்டீன் சேர்வதுண்டு. அவுஸ்திரேலியாவிலும் இஸ்ரேலிலும் இதை வளர்த்துக் கரட்டீன் எடுப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. உப்பு விளையும் கரை நமக்கும் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. நாம் ஏன் இதைக் கவனிக்காமல் இருக்கிறோம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

அதே சிவந்த நீரில் உப்புநாட்ட ஆர்க்கியா என்னும் இன்னொரு கூட்டமும் இருக்கும். கருவோ, இழைமணியோ, சிறுவலையோ எதுவும் இல்லாத கலங்கள் அவை. அவை பொற்றாசிய உப்பை உள்ளேயே நிரப்பிக்கொள்ளும். அவற்றின் புரதங்கள் அந்த உப்பில் மட்டுமே வடிவம் நிலைக்குமாறு அமைந்தவை. நன்னீரில் போட்டால் உடைந்து சிதறிவிடும்.

கருவுள்ள கலத்துக்கு இப்படி ஒரு குறுக்கு வழி கிடையாது. கருதான் அதன் பலம். சில வேளைகளில் ஆபத்து வருவதும் அந்த வழியாகத்தான். ஸ்கொட்லாந்துக்காரரான றொபேட் பிரௌன் ஓர்க்கிட் இலைகளில் அதைக் கண்டு பெயரிட்டது 1831இல். புத்தளம் மாவட்டம் கருவைப் பற்றித் தெரிந்துகொண்டது வேறு விதமாக. சிலாபம், முந்தல், புத்தளம் களப்புக் கரைகளில் 1980களில் பெருகிய இறால் பண்ணைகளை 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கியது. நோய்க்காரணமான வைரசு மூன்று இலட்சம் காரச்சோடிகள் கொண்ட டிஎன்ஏயைச் சுமந்து வருகிறது. செவுள், இரைப்பையின் உட்தோல், ஓட்டுக்கு அடியிலுள்ள தோல் ஆகியவற்றின் கலங்களுக்குள் நுழைந்து, நேரே கருவுக்குப் போய்விடும். செய்முறை இருக்கும் இடத்தைக் கைப்பற்றியபின், பம்பி செய்யவேண்டிய இறைபோசோம்கள் வைரசின் புரதங்களைச் செய்யத் தொடங்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நோயுற்ற கலத்தின் கரு வழமையைவிட மிகப் பருத்து, உள்ளிருப்பவை விளிம்புக்கு ஒதுங்கி, நடுவில் வைரசுகள் திரண்டிருப்பது தெரியும். ஓட்டில் கல்சிய உப்பு தாறுமாறாகப் படிந்து வெண்புள்ளிகள் விழும். மூன்று முதல் பத்து நாட்களுக்குள் ஒரு குளத்து இறால் முழுவதும் செத்து மிதக்கக்கூடும். ஒரு பண்ணை வெளியேற்றும் நீரை அடுத்த பண்ணை உள்ளிழுக்கும் விதமாக ஒல்லாந்தர் கால்வாயையும் களப்பையும் எல்லோரும் பங்கிட்டதால், நோய் குளத்திலிருந்து குளத்துக்குத் தாவியது.

நமக்கு இருப்பது போன்ற பிறபொருளெதிரிகள் இறாலுக்குக் கிடையாது. எனவே தடுப்பூசி போட்டுக் காப்பது எளிதல்ல. குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் பீசீஆர் சோதனையால் வைரசின் டிஎன்ஏயைத் தேடுவதும், வலயம் வலயமாக முறைவைத்து வளர்ப்பதும்தான் வழக்கத்துக்கு வந்த காப்பு. உவர்ப்பு சட்டென்று மாறும் நாட்களில் நோய் வெளிப்படும் வாய்ப்பு கூடுகிறது என்பது ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிந்த விடயம். சோடியத்தோடு போராடிக் களைத்த கலத்தில் வைரசுக்கு எதிர்ப்பு குறைகிறது.

கைவிடப்பட்ட இறால் குளங்கள் இன்று களப்பைச் சுற்றி ஏராளம். அவற்றில் பல, கண்டலை வெட்டிய இடத்தில் தோண்டப்பட்டவை. திரும்பக் கண்டல் நட முயன்றவர்கள் பெரும்பாலும் கொம்பூன்றி நிற்கும் கண்டல் கன்றுகளையே கொண்டுவந்து நட்டார்கள். தாய்மரத்திலேயே முளைத்து நீண்டு தொங்கும் அந்த முளைகளைச் சேற்றில் குத்துவது சுலபம். ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கை முழுவதும் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, 1,000 முதல் 1,200 ஹெக்டயர்வரை நட முயன்றதில் வெற்றி கண்டது ஏறத்தாழ 200 ஹெக்டயர்தான் என்று கணக்கிட்டது. தவறான இனம், தவறான உயரம், தவறான நீரோட்டம். வரம்பு அடைத்த குளத்துச் சேற்றில் வற்றும் நீரின் உவர்ப்பு கடலைப்போல் இரண்டு மடங்கானால், வடிகட்டி இழுக்க வேண்டிய விசையும் இரண்டு மடங்காகும். உமிழச் சுரப்பியில்லாத கண்டலின் வேர்க்கலம் அதற்கு ஈடுகொடுக்காது. நீரில் நெடுநேரம் மூழ்கியே கிடந்தாலோ வேருக்கு ஒட்சிசன் எட்டாது, இழைமணி ஓயும், பம்பி நிற்கும். வரம்பை வெட்டி ஏற்றமும் வற்றமும் உள்ளே போய்வர விட்ட இடங்களில், அருகே தாய்மரங்கள் இருந்தால் கண்ணா விதைகள் தாமாகவே மிதந்து வந்து ஊன்றிக்கொள்கின்றன. ஆகவே கன்றுக்குச் செலவிடும் பணத்தில் முதலில் ஓர் உவர்ப்புமானியை வாங்கி, மண்வெட்டி பிடிக்க நான்கு ஆட்களை அமர்த்துவது நல்லது.